ஒரு லட்சம் கோடி காலியிடங்கள்

அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் அவளை எல்லோரும் அடுப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதிவாளர் மட்டும் கூப்பிட்டதில்லை. அப்படி ஒருத்தி அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரியாமல் இருந்த பதினோரு வருடமும் அவள் நிம்மதியாக இருந்தாள்.

மூன்றாம் மாடியின் கோடி அறையில் ஆள் உயரத்துக்கு ஓர் எஃகுக் கலம் நின்றது; அதுதான் அவளுடைய அடுப்பு. உள்ளே காற்று என்று பேருக்குக்கூடக் கிடையாது. அதற்குள் நகத்தளவு சில்லு ஒன்றை வைப்பாள். சில்லின் மேல் கிராஃபீன் விரிந்திருக்கும். கிராஃபீன் என்பது ஒரே ஓர் அணுவின் தடிமனில் கிடக்கும் கரித்தாள். அதன் மேல் மாலிப்டினத்தையும் செலினியத்தையும் ஆவியாக்கிப் படியவிட்டால், ஒற்றை அடுக்காக ஒரு குறைகடத்திப் படலம் வளரும். சூடு கொஞ்சம் கூடினால் செலினியம் பறந்துவிடும். குறைந்தால் அடுக்கு மேல் அடுக்காக ஏறிவிடும். ஒற்றையாக நிற்பதில்தான் விஷயமே. இரண்டாகிவிட்டால் மின்சாரத்திடமும் வெளிச்சத்திடமும் அது நடந்துகொள்ளும் விதமே மாறிப்போகும். "மனுஷங்களும் அப்படித்தான்" என்று அந்த ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர் சொல்லிச் சிரிப்பார். அவர் கல்யாணம் ஆகாதவர்.

படலம் வளர்ந்ததும், ஊசி முனையால் தடவிப் பார்க்கும் நுண்ணோக்கியில் வைத்து அடுப்பக்கா எண்ணுவாள். எங்கெங்கே செலினியம் அணு வந்து உட்காராமல் இடம் காலியாகக் கிடக்கிறது என்ற கணக்கு அது. எந்தப் படலத்திலும் கொஞ்சம் இருக்கும். அந்த வருடத்தின் மிக நல்ல படலத்துக்கு நோட்டில் இப்படி எழுதியிருந்தாள்: "செலினியம் காலியிடங்கள், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு: ஒரு லட்சம் கோடி." இரண்டாயிரம் இடத்தில் ஓர் இடம்தான் காலி. கைதேர்ந்த வேலை. எழுதிவிட்டு அன்று அவள் தனக்கென்று கடையில் ஒரு டீ வாங்கிக் குடித்தாள்.

எட்டு மாதம் கழித்து இருப்புச் சரிபார்ப்பு அதிகாரி வந்தார். இருபது வருடமாக நிறுவனத்தின் நாற்காலிகளை எண்ணி, ஒன்றுகூடத் தவறவிடாததால் ஆராய்ச்சிக்கூடங்களுக்கு உயர்த்தப்பட்டவர். யாரிடமும் கை நீட்டாதவர். அதனால் அவரைக் கண்டு எல்லோருக்கும் பயம்.

"பொருள் எங்க?" என்றார்.

"இதோ சார்."

"இது தட்டு."

"தட்டு மேல சில்லு இருக்கு சார்."

"சில்லுக்கு டிக் போட்டாச்சு. கிராஃபீன்?"

"சில்லு மேல."

"குறைகடத்திப் படலம்?"

"கிராஃபீன் மேல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். "தூசிதான் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே கைக்குட்டையை எடுத்தார்.

அடுப்பக்கா என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. அவர் கையைத் தட்டிவிட்டாள். கைக்குட்டை பறந்து போய் வெற்றிடப் பம்பின் மேல் விழுந்தது.

"மன்னிச்சிடுங்க சார். அது ஒட்டிக்கிட்டு இல்ல, சும்மா மேல உக்காந்திருக்கு. தொடச்சா போயிடும்."

"ஒட்டவும் இல்ல. கண்ணுக்குத் தெரியவும் இல்ல. ஆனா இருக்கு."

"ஆமா சார்."

"நாற்காலி விஷயத்துல யாரும் எங்கிட்ட இப்படிப் பேசினதில்லம்மா."

அவள் அவசரமாக நுண்ணோக்கியின் திரையைக் காட்டினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அது படம். நாற்காலியோட போட்டோவக் காட்டினா நாற்காலி இருக்குன்னு எழுதிட முடியுமா?" என்று கேட்டபடி மேசையிலிருந்த நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"காலியிடங்கள் ஒரு லட்சம் கோடி. இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார்."

"அங்க இருக்க வேண்டியது இல்லாததாலதானே காலி?"

"ஆமா சார், ஆனா அது..."

"எனக்கு 'ஆமா' போதும்." நோட்டின் அட்டையைத் திருப்பி, அதில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டினார். "குறை... கடத்தி. குறைஞ்சது, கடத்தினது. ரெண்டையும் பேர்லயே போட்டு வெச்சிருக்கீங்க." அவர் குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

மறுநாள் குறிப்பாணை வந்தது. அடுப்பக்கா அதைக் கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு படித்தாள். ஒன்று, பொறுப்பில் இருந்த ஒரு லட்சம் கோடி அணுக்கள் காணாமல் போனது. இரண்டு, அதை எட்டு மாதமாக மேலிடத்துக்குத் தெரிவிக்காமல் 'செலினியம் காலியிடங்கள்' என்று நோட்டில் மட்டும் எழுதி வைத்தது. மூன்று, சரிபார்ப்பு அதிகாரியின் கைக்குட்டையைத் தாக்கியது. பதினைந்து நாளில் விசாரணை. ஒப்பந்தம் நீட்டிக்கப்படுவது விசாரணையின் முடிவைப் பொறுத்தது. ஒப்பந்தம் போனால் குடியிருக்கும் குவார்ட்டர்ஸும் போகும் என்பதை அவர்கள் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

வெளிநாட்டு மாநாட்டில் இருந்த பேராசிரியருக்கு போன் போட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. பயப்படவே பயப்படாதீங்க" என்றார் அவர். "விஞ்ஞானம் உங்க பக்கம் இருக்கு."

"நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா..."

"ஹலோ? ஹலோ? சரியாக் கேக்கல" என்றார். பிறகு, தெளிவான குரலில், "என் பேரு மட்டும் எங்கயும் வராமப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அன்றிலிருந்து தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டாலே அவள் கதவைத் தாழிட்டாள். வீட்டில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு எதிரிலேயே நின்று பொங்கவிட்டாள். தையல்காரரான கணவர் வெளியே போகும்போது, கதவைப் பூட்டிக்கொண்டு போகச் சொல்லி உள்ளே உட்கார்ந்திருந்தாள். "அப்படி என்னதான் எடுத்துட்டே?" என்று அவர் கேட்டார். "எதுவும் எடுக்கல. அது முதல்லயே அங்க இல்ல." அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "இத விசாரணையில சொல்லிடாத" என்றார்.

இதற்கிடையில் குறிப்பாணையின் நகல், வேலைக்கு ஆள் எடுப்பதைக் கவனிக்கும் பணியமைப்புப் பிரிவுக்குப் போனது. எல்லா நகலும் எல்லாப் பிரிவுக்கும் போக வேண்டும் என்பது விதி. அந்தப் பிரிவின் தலைவி 'அணுக்கள்' என்ற சொல்லைத் தாண்டிப் போய்க் 'காலியிடங்கள்' என்ற சொல்லில் உறைந்து நின்றார். ஒரு லட்சம் கோடி காலியிடங்களை யார் அனுமதித்தது? ஒப்புதல் எங்கே? உடனே நுழைவாயில் பலகையில் அறிவிப்பு ஒட்டச் செய்தார்: "மூன்றாம் மாடி ஆய்வகத்தில் உள்ள ஒரு லட்சம் கோடி செலினியம் காலியிடங்களுக்கு ஒப்புதல் பெறப்படவில்லை. பொதுமக்கள் யாரும் விண்ணப்பிக்க வேண்டாம்."

மறுநாள் காலை எட்டு மணிக்குள் நுழைவாயிலில் நானூறு பேர் நின்றார்கள். பத்து மணிக்கு வரிசை தெரு முனையைத் தாண்டித் திரும்பியது.

அடுப்பக்கா விஷயம் தெரியாமல் பேருந்திலிருந்து இறங்கி வந்தாள். அவளைப் பார்த்ததும் காவலாளி உதவி செய்வதாக நினைத்து, "வழி விடுங்க, மூணாம் மாடி அக்கா வர்றாங்க" என்று கத்தினான். வரிசை கலைந்து அவள் மேல் வந்தது. கைகள், உறைகள், சான்றிதழ் நகல்கள். யாரோ அவள் பைக்குள் காகிதத்தைத் திணித்தார்கள். யாரோ காலைத் தொட்டார்கள். செருப்பு ஒன்று கழன்று போனது. ஒரு பெண் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தருகே வந்து சொன்னாள்: "செலினியம்னா என்ன வேலைன்னு எனக்குத் தெரியாது மேடம். ஆனா கத்துக்குவேன். ரெண்டு நாள்ல கத்துக்குவேன்."

"அது வேலை இல்லம்மா! இடம்தான், வேலை இல்ல!"

"இடம் போதும் மேடம்."

கையை உதறிவிட்டு ஒற்றைச் செருப்போடு உள்ளே ஓடினாள். மாடிப்படியில் உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியது. மணிக்கட்டில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், கூடவே குடியிருக்கும் கொழுந்தன் கூடத்தில் காத்துக்கொண்டிருந்தான். வயது முப்பத்துநான்கு. எழுதாத தேர்வு இல்லை. இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான்.

"அண்ணி, நான் இதுவரைக்கும் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல."

"கேக்காதீங்க. தயவு செஞ்சு கேக்காதீங்க."

"நூறு இருநூறுன்னா கேக்க மாட்டேன், நெறயப் போட்டி இருக்கும். ஒரு லட்சம் கோடி அண்ணி. உலகத்துல அவ்வளவு ஆளே கிடையாது. அதுலயும் எனக்கு ஒண்ணு இல்லன்னா, நான் என்னன்னு நினைக்கிறது?"

அவள் அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அணு என்றால் என்ன, அது எவ்வளவு சின்னது, காலி என்றால் எப்படிக் காலி என்று, ஒரு தட்டில் கடுகைப் பரப்பிக் காட்டினாள். அவன் பொறுமையாகக் கேட்டான். கடைசியில் எழுந்து, "தர முடியாதுன்னு நேராவே சொல்லியிருக்கலாம் அண்ணி" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனான்.

விசாரணை நாளும் வந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: நடுவில் பதிவாளர், இரு பக்கமும் சரிபார்ப்பு அதிகாரியும் பணியமைப்புத் தலைவியும். இந்தப் பக்கம் ஒரே நாற்காலி. அதில் எண் ஒட்டியிருந்தது. அடுப்பக்கா அதன் நுனியில் உட்கார்ந்தாள்.

பதிவாளர் தொண்டையைச் செருமினார். "முதல்லயே சொல்லிடறேன். நான் இங்க பதிமூணு வருஷமா இருக்கேன். ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்குள்ளயும் கால் வெச்சதில்ல. அதனாலதான் என்னால நடுநிலையா இருக்க முடியுது."

மற்ற இருவரும் தலையசைத்தார்கள்.

"இந்தக் கிராஃபீன் எந்தப் பிரிவு? ஏன் இன்னிக்கு வரல?"

"சார், அது ஆள் இல்ல."

"இன்னும் பணியில சேரலயா?"

"கரி சார். ஒரு அணு தடிமனுக்குக் கரி."

பதிவாளர் 'கரி' என்று எழுதி அடிக்கோடிட்டார். சரிபார்ப்பு அதிகாரி எழுந்தார். "பக்கத்து ஆய்வகத்துலயும் இதே படலம் வளர்க்கறாங்க. அவங்க கண்ணாடி மேல வளர்க்கறாங்க. லேசர் அடிச்சா மின்னுது, நானே பாத்து டிக் போட்டேன். இவங்களது மின்னவே இல்ல."

"கிராஃபீன் மேல இருந்தா அவ்வளவா மின்னாது சார்" என்றாள் அடுப்பக்கா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. "மின்ன வேண்டியத கிராஃபீன் இழுத்துக்கும்."

"ஆக, எடுத்தது கிராஃபீன்" என்றார் பதிவாளர். "நீங்க உடந்தை."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் பணியமைப்புத் தலைவி பேச ஆரம்பித்திருந்தார்.

"எடுத்தது யாருங்கறது எங்களுக்கு முக்கியமில்ல. எங்க பிரிவு இருபத்தஞ்சு வருஷமா ஒரு காலியிடத்தக்கூட நிரப்ப விட்டதில்ல. அந்தப் பெருமை எங்களுக்கு இருக்கு. இப்ப வாசல்ல தினமும் ஆயிரம் பேர் நிக்கறாங்க. ஒருத்தரைச் சேர்த்தா எல்லாரையும் சேர்க்கணும். ஆனா விதி பதினேழு இருக்கு: ஆறு மாசம் நிரப்பாத காலியிடம் தானா ரத்தாயிடும். படலம் வளர்ந்து எவ்வளவு நாளாச்சு?"

"எட்டு மாசம் மேடம்."

"அப்ப ரத்து." ஒரு தாளை அவள் முன் தள்ளினார். "இந்தப் படலத்தில் காலியிடம் எதுவும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. காணாமப் போனதும் இல்லன்னு ஆயிடும், வாசலும் காலியாயிடும். இன்னொரு வருஷம் ஒப்பந்தம், இங்கயே, இப்பவே."

பேனாவை எடுத்தாள். வீடு ஞாபகம் வந்தது. கூடத்தில் தையல் இயந்திரம், பள்ளிக்குப் போகும் மகளின் புத்தக அலமாரி. கையெழுத்துத்தானே, போட்டுவிட்டுப் போ என்று உடம்பு முழுவதும் சொன்னது. பேனா தாளில் இறங்கவில்லை. நோட்டில் அவள் இதுவரை ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை.

"இருக்கே மேடம்" என்றாள்.

"என்னது?"

"காலியிடம். நான் எண்ணினேன். இருக்கு."

பதிவாளர் மணியைப் பார்த்தார். அவருக்கு ஒரு மணிக்குச் சாப்பாடு. "இருந்துட்டுப் போகட்டும்மா" என்றார் தணிவாக. "இருக்கறத இல்லன்னு சொல்ல வேண்டாம். அந்த வார்த்தைய மட்டும் மாத்துங்க. வேற எந்த வார்த்தையா இருந்தாலும் எனக்குச் சம்மதம்."

அவள் எழுதினாள்: "பள்ளங்கள்: ஒரு லட்சம் கோடி."

மூவரும் மாறி மாறிப் படித்தார்கள். "பள்ளம் எங்க பிரிவுல வராது" என்றார் தலைவி. "எங்க பட்டியல்லயும் கிடையாது" என்றார் சரிபார்ப்பு அதிகாரி. பதிவாளர் கையெழுத்துப் போட்டார். நகல்கள் எல்லாப் பிரிவுக்கும் போயின.

வாசலில் அறிவிப்பைக் கிழித்தார்கள். கூட்டம் இரண்டு நாள் நின்று பார்த்துவிட்டுக் கலைந்தது. ஒப்பந்தத் தாள் கைக்கு வந்தது. ஆனாலும் அடுப்பக்காவுக்குப் பயம் விடவில்லை. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வார்த்தையை மாற்றினோமே, அது எங்கே போய் முளைக்குமோ என்று இருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் ஆய்வகத்தின் கதவு தட்டப்பட்டது. திறந்தால் கொத்தனார் ஒருவர். பின்னால் தாழ்வாரத்தில் தள்ளுவண்டி நிறைய ஜல்லி, சிமெண்டு, கரண்டி.

"பராமரிப்புப் பிரிவுலேர்ந்து அனுப்பினாங்க. மூணாவது மாடி, கோடி ரூம், பள்ளம் அடைக்கணும். அவசரம்னு போட்டிருக்கு." சீட்டைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "ஒரு லட்சம் கோடின்னு இருக்கு. சைபர் தப்பா விழுந்துடுச்சுன்னு நெனைக்கிறேன். மேலதிகாரி, 'எத்தனை இருந்தாலும் இன்னிக்கே அடைச்சிடு'ன்னு சொன்னாரு."

அவள் ஓடிப் போய்க் கலத்துக்கு முன்னால் இரு கைகளையும் விரித்து நின்றாள். "இங்க சிமெண்டு கொண்டு வரக் கூடாது! ஒரு துளி தூசி வந்தாலும் போச்சு! தயவு செஞ்சு, அண்ணா, உள்ள வராதீங்க!"

கொத்தனார் அப்படியே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றி வெளியே விட்டு, வண்டியைத் தாழ்வாரத்தின் மறு கோடி வரை தள்ளிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு வெறுங்கையோடு வந்தார்.

"தரை நல்லாத்தானே இருக்கு. பள்ளம் எங்க?"

அவள் திரையைக் காட்டினாள். அந்த மாதத்தில் அவள் காட்டி, திரும்பிப் பார்த்த முதல் ஆள் அவர்தான். வரிசை வரிசையாகப் புள்ளிகள். நடுநடுவே சின்னச் சின்னக் கருமை.

அவர் வெகுநேரம் பார்த்தார். வாய்க்குள் ஏதோ எண்ணினார். "இந்தப் பக்கம் பூராவும் அடியில இருக்கற தளத்த ஒட்டியே கோணம் பிடிச்சுப் போகுது. ஒரு வரிசைகூடப் பிசகல" என்றார். விரலைத் திரையில் படாமல் ஒரு கோட்டின் மேல் நகர்த்தினார். "இங்க மட்டும் ரெண்டு ஆளு ரெண்டு மூலையிலேர்ந்து பதிச்சுட்டு வந்து சந்திச்ச மாதிரி இருக்கு. அந்தப் பக்கம் முக்கோணம் மேல பாக்குது, இந்தப் பக்கம் கீழ பாக்குது. சேர்ற எடத்துல ஒரு கோடு விழுந்துடுச்சு. சரியா?"

பேராசிரியர் மாநாட்டில் வாசிக்கப் போயிருந்த கட்டுரை முழுவதும் அந்தக் கோட்டைப் பற்றித்தான். அடுப்பக்கா தலையாட்டினாள்.

"நான் முப்பது வருஷமா டைல்ஸ் பதிக்கிறேன். இவ்வளவு நெருக்கமா ஒரு வேலை பாத்ததில்ல. யாரு அக்கா பதிச்சது?"

இந்தக் கேள்வியை அந்தக் கட்டடத்தில் அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"நான்தான்."

"அதான் பாத்தேன்" என்றார், என்னவோ அவர் முன்பே ஊகித்ததைப் போல. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். "நான் போய்ச் சீட்டு எழுதிக் குடுக்கணும். பள்ளமே இல்ல, பாத்துட்டேன்னு எழுதிடறேன். உங்களுக்கும் தொல்லை விட்டுடும்."

தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் தாழிடப் போகவில்லை. சத்தம் கதவருகே வந்து, தயங்கி, தாண்டிப் போனது.

"இருக்கு" என்றாள். "இருக்குன்னே எழுதுங்க. காலியிடம்னு எழுதுங்க, பள்ளம்னு வேண்டாம். எத்தனைன்னு நான் சொல்றேன்."

"மேல கேட்டாங்கன்னா?"

"கேப்பாங்க" என்றாள். இந்த முறை குரல் வெளியே கேட்டது. "நீங்க எழுதுங்க."

கொத்தனார் பென்சில் நுனியை நாக்கில் தொட்டு, சீட்டைச் சுவரில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எழுதி முடித்து அவளிடம் காட்டினார். "காலியிடம் 100000000000 இருக்கிறது. நேரில் பார்த்தேன். வேலை சுத்தம். யாரும் கை வைக்கக் கூடாது." கீழே தன் கையெழுத்து. சைபர்களைச் சரிபார்க்கச் சொன்னார். அவள் விரல் வைத்து எண்ணினாள். ஒன்று குறைந்தது. பென்சிலை வாங்கித் தானே போட்டாள்.